மேலே நாயனம், கீழே தவில்

தாரமங்கலத்திலிருந்து கமலாபுரம்வரை
ஆட்டோவில் இரண்டும் எங்கள் மடியில்தான் வந்தன.

கவுண்டர் பெண் தராசைப் பார்த்தாள்.
தவில் பத்தரைக் கிலோ.
"இது கீழ போகும். அந்த நீளமானது மேல வரலாம்,
எதுக்கும் செக்யூரிட்டியில கேட்டுக்குங்க."
உடையும் பொருள் என்ற சிவப்பு ஸ்டிக்கரை
வலந்தலைத் தோல்மேலேயே ஒட்டப்போனாள்.
சென்றாயன் குறுக்கே கை நீட்டினார்,
கொதிக்கிற பாலிடம் போகும் குழந்தையைத் தடுப்பதுபோல.
தோலுக்குக் குளிர் ஆகாதென்று
நட்டுகளைக் கால் திருகு தளர்த்தி,
உறை போட்டு, முடிச்சிட்டு,
ரப்பர் பட்டைக்குள் அது மறையும்வரை வாயைத் திறக்கவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில்
ஒரு தேர்தல் சமயம் மூன்று மாதம்
நானும் அவரும் பேசாமல் இருந்திருக்கிறோம்.
அப்போதும் நாயனமும் தவிலும்
வேறு வேறு வண்டியில் போனதில்லை.

எக்ஸ்ரே திரையில்
மரம் ஆரஞ்சாகவும் கெண்டை நீலமாகவும் தெரிந்தது.
ஓட்டை ஓட்டையாய் ஒரு குழாய், முனையில் புனல்,
நூலில் தொங்கும் ஊசி.
"என்ன குழாய்ம்மா இது?"
மார்புப் பட்டையில் தில்ஷாத் என்று எழுதியிருந்தது.
நாயனங்க.
"ஊசி எதுக்கு?"
சீவாளி அடைச்சுக்கிட்டா குத்திவிட.
"ஊசி போகாது."
நூலை வெட்டிப் பெட்டியில் போட்டார்.
அங்கே நகவெட்டிகள், லைட்டர்கள்,
எதற்கென்று தெரியாமல் ஓர் எலுமிச்சம்பழம்.
"ஊதிக் காட்டுங்க."

ஏசியில் சீவாளி காய்ந்திருந்தது.
வாயில் வைத்து நனைத்தேன்.
வரிசையில் ஐம்பது அறுபது பேர்.
பெரிதாக ஒன்றுமில்லை, மோகனத்தில் நாலு பிடி.
அந்தத் தாழ்ந்த கூரைக்கு அதுவே அதிகம்.
செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவர் சட்டென்று நிமிர்ந்து
இல்லாத அட்சதைக்காகத் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.
யாரோ கைபேசியை உயர்த்த,
"படம் எடுக்கக் கூடாது" என்றது ஒரு குரல்.

நான் பஞ்சமத்தில் போய் நின்றேன்.
நிற்கிற இடத்தில் எப்போதும் ஒரு கை வந்து தாங்கும்.
வரவில்லை. அது எங்கோ இருட்டில்
சூட்கேஸ்களுக்கு நடுவே கிடந்தது.
மூச்சு தீரப்போகும் நேரம்
பிளாஸ்டிக் பேசியது.
சென்றாயன்,
பச்சை பெல்ட்டைக் கழற்றிவிட்டதால்
இடது கையால் வேட்டியைப் பிடித்தபடி,
ட்ரேயைக் கவிழ்த்துப்போட்டு வலது கையால் மட்டும்.
சில்லறை உருண்டது. யாரும் குனியவில்லை.

"போதும், போதும்."
தில்ஷாத் சிரித்ததாகத் தெரியவில்லை.
ட்ரேயை அடுக்கும்போது மட்டும்
தேவைக்குமேல் இரண்டு தட்டு தட்டினார்.

விமானம் சின்னது, மேல் பெட்டி அதைவிடச் சின்னது.
அணசைக் கழற்றிய பிறகுதான் உலவு உள்ளே போனது,
யாருடையதோ மாம்பழப் பெட்டிக்கும்
ஏற்காட்டுக் காப்பித்தூள் பைக்கும் நடுவில் கோணலாக.
"மடியில் எதுவும் வைக்கக் கூடாது மேடம்."
இது வாய் மட்டும்தாம்மா, மீதி மேல இருக்கு.
அதையும் வாங்கி இருக்கைக்கு அடியில் தள்ளினாள்.
சென்றாயன் காலடியையே பார்த்திருந்தார்.
கேட்டாள். சொன்னார்.
"இந்த பிளேன்ல கீழன்னு ஒண்ணும் கிடையாது சார்,
லக்கேஜெல்லாம் வால் பக்கம்."
அதற்கப்புறம் ஐதராபாத்வரை
கழுத்தைத் திருப்பியபடியே வந்தார்.

ஜன்னலில் சேர்வராயன் மலை ஒருபக்கமாய்ச் சாய்ந்தது.
பச்சைக்குள் மறைந்து மறைந்து கொண்டை ஊசி வளைவுகள்.
எனக்கு என் ஊசி ஞாபகம் வந்தது.

அங்கே பெல்ட் சுற்றியது.
சூட்கேஸ், சூட்கேஸ், கயிறு கட்டிய அட்டைப்பெட்டி,
பிறகு அது, தலைகீழாக.
தூக்கித் தரையில் வைத்தார்.
உறையை விலக்கித் தோலில் காதை வைத்து
ஒரே ஒரு விரல்.
"ம்," என்றார்.
வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர் வீட்டுக் கல்யாணம்,
முகூர்த்தம் காலை நாலரைக்கு.
ஊசி இல்லியே, என்றேன்.
"யார் புடவையிலயாச்சும் ஊக்கு இருக்கும், வா."