இறங்கும் எடை

பத்து டன் லாரி ஒன்று
ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும்போது
முப்பத்திரண்டு யூனிட் கரண்ட்டை
பிரேக் டிரம்மில் தேய்த்துத் தேய்த்து
வெறும் நாற்றமாக்கி விடுகிறது.
ரசீதின் பின்பக்கம் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.
எடைமேடையில் இரவு வேலை பார்க்கிறவளுக்கு
இந்தக் கணக்கு எதற்கு என்று
முதலாளி கேட்டதில்லை.
அவருக்குத் தெரியாது.

மூன்று லாரி இறங்கினால்
என் வீட்டுக்கு இரண்டு மாதம் இலவசமாய் வரும் நூறு யூனிட்
கிட்டத்தட்ட அப்படியே
இருபது வளைவுக்குள் தீர்ந்துபோகிறது.
குரங்குகள் மூக்கைச் சுளிக்கின்றன.

முதல் யோசனை, கயிறு.
இறங்குகிற லாரி ஏறுகிற லாரியை இழுக்கட்டும்,
ராட்டினத்தில் இரண்டு வாளி போல.
வெல்டிங் பட்டறை காவேரியப்பன்
டீயை ஊதியபடி கேட்டார்:
"பதினோராவது கொண்டை ஊசியில
உன் கயிறு எந்தப் பக்கம்மா திரும்பும்?"
திரும்பாது.
குறுக்கே பாயும், காட்டை அறுத்துக்கொண்டு.

இரண்டாவது யோசனையில் சாலையே இல்லை.
உச்சிக்கும் அடிவாரத்துக்கும் நேராக ஒரு கம்பிவடம்,
அதில் தொட்டிகள்.
மிளகும் காப்பியும் இறங்க இறங்க
வேண்டியதெல்லாம் மேலே ஏறும், மோட்டார் இல்லாமல்.
படம்கூட வரைந்தேன். தொட்டிக்குப் பச்சை மை.
வடம் தன் எடையாலேயே எவ்வளவு தொய்யும்,
இடி இடிக்கிற நாளில் அதை யார் தொடுவது,
உராய்வு எத்தனை பங்கு தின்னும்?
பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டோடு நின்றவளுக்கு
இதற்குமேல் தெரியவில்லை.
சந்தேகங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறேன்.
பதினேழாவது:
பாதி வழியில் நின்றுவிட்டால்
தொட்டியில் இருக்கும் ஆட்டை எப்படி இறக்குவது?
(ஆடு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.
யாராவது ஏற்றுவார்கள்.)

ஒரே ஒரு கேள்விக்குத்தான்
என் மேடையே பதில் சொல்லும்.
கனத்தது கீழே வந்தால்தான் வடம் நகரும்.
அப்படியானால், இறங்குவது அதிகமா, ஏறுவது அதிகமா?
தை முதல் ஆனி முடிய
என் ஷிஃப்டில் வந்த ஒவ்வொரு வண்டிக்கும்
நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்தேன்.

ஏறியவை: சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி, கம்பி,
டைல்ஸ், கண்ணாடிக் கதவு, கேஸ் சிலிண்டர்,
ஒரு நீச்சல் குளம், நீலநிறத்தில், கவிழ்த்துப் போட்டு.
சித்திரையில் டேங்கர் டேங்கராய்த் தண்ணீர்.
இறங்கியவை: மிளகு. காப்பிக்கொட்டை. பலா.
கொஞ்சம் சில்வர் ஓக். காலி சிலிண்டர்.
காலி டேங்கர்.

கூட்டினேன்.
ஒரு டன் இறங்க ஒன்பது டன் ஏறுகிறது.
என் இயந்திரத்தை இன்றைக்கே மாட்டினாலும்
சிமெண்ட் அடிவாரத்தில் சப்பென்று உட்கார்ந்துகொள்ளும்,
மிளகு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.
மலை கனத்துக்கொண்டே போகிறது.
இதை யாரிடம் சொல்வது?
மின்வாரியத்திடமா, வனத்துறையிடமா,
சேர்வராயன் குகைக்குள் குனிந்து அவரிடமேவா?

நேற்று இரவு இரண்டேகாலுக்குப் பலா லாரி ஒன்று.
டிரைவர் வெடியப்பன். மேலே நல்ல மழையாம்.
தார்ப்பாயின் குழியில் குளம் கட்டி நின்றது தண்ணீர்.
"அது பழத்தோட சேராது, கொட்டிட்டு எடை போடுக்கா."
கொட்டுவதற்கு முன்பும் போட்டேன்.
அவர் மேலேறித் தார்ப்பாயின் நுனியைத் தூக்கினார்.
மேடை முழுக்க ஈர இலை வாசனை.
கொட்டிய பிறகும் போட்டேன்.
இருநூற்று நாற்பது கிலோ வித்தியாசம்.

ரசீது பழத்துக்கு மட்டும்.
அவர் போனபின் நோட்டைத் திருப்பி
இறங்கியவை வரிசையில், காலி டேங்கருக்குக் கீழே
எழுதினேன்: மழை, 240 கிலோ.
அதற்கு நேரே ஒரு கேள்விக்குறி,
எண் பதினெட்டு.