ஜனவரி ஒன்று, 2002

ஜலசந்தியைக் கடக்க இரண்டரை மணி நேரம்.
படகில் எனக்கு முன்னால் இரண்டு லாரி, ஒரு குதிரை.
என் பையில் திருப்புளி,
கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி.

போர்வெனிர் என்றால் ஸ்பானிஷில் எதிர்காலம்.
அந்த ஊரில், கம்பளி எடைபோடும் தகரக் கொட்டகையில்,
ஒரு கணினி
பதினோரு நாளாக 2002ஐ விட்டு வெளியே வர மறுக்கிறது.

எலியாசர் ஒயார்சுன் ரசீதை
என் மூக்குக்கு நேரே நீட்டினான்.
"பாருங்கள்,
நான் பிறக்க இரண்டு வருடம் இருக்கும்போதே
நானூறு கிலோ இறக்கியிருக்கிறேன்,
நள்ளிரவு பன்னிரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு.
கணக்குப் பிரிவில் நன்றாகச் சிரித்தார்கள்.
பணம் தரவில்லை."

தராசுக்குப் பின்னாலிருந்து ஸ்தென்கா மிமிட்சா:
"தொடர எஃப் ஒன்றை அழுத்து என்கிறது.
அழுத்துகிறேன்."
அவள் மேல் குற்றமில்லை.
தொடர என்று எழுதியிருந்தால்
யார்தான் தொடர மாட்டார்கள்?

பொத்தானை அழுத்தினேன்.
ஒற்றை பீப்.

எனக்குப் பிடித்த நொடி இது.
விண்டோஸ் இன்னும் பிறக்கவில்லை.
கம்பளி என்றால் என்ன, கிலோ என்றால் என்ன,
எலியாசருக்கு எவ்வளவு பாக்கி,
எதுவும் அதற்குத் தெரியாது.
தூக்கம் கலைந்தவன் கண் திறக்காமல்
கால்விரலை அசைத்துப் பார்ப்பதுபோல்
விசைப்பலகை இருக்கிறதா என்று பார்க்கிறது.
நினைவகத்தைச் சில்லறைபோல் எண்ணுகிறது.
நகக்கண் அகலத்தில் ஒரு சில்லு
இவ்வளவையும் மனப்பாடமாக வைத்திருக்கிறது,
மின்சாரம் போனாலும் மறக்காது.

மறப்பது அதன் அண்டை வீடு:
என்ன தேதி, என்ன மணி,
எந்தக் கதவை முதலில் தட்டுவது,
எல்லாவற்றையும் பேட்டரியின் தயவில் வைத்திருப்பது.
பேட்டரி செத்தது. கொட்டகையில்
இரவானால் மெயினை அணைத்துவிடுவார்கள்.
விடிந்தால் மறுபடி ஜனவரி ஒன்று.

பேட்டரியை மாற்றிவிட்டு
டெலீட் விசையைக் கோழிபோல் கொத்தினேன்.
ஒரு கொத்து பிந்தினால் விண்டோஸ் முந்திக்கொள்ளும்.
முதல் தடவை முந்திக்கொண்டது.
இரண்டாம் தடவை நீலத்திரை.
இங்கே மவுஸ் செல்லாக்காசு,
அம்புக்குறிகளால்தான் நடக்க வேண்டும்.

தேதி: பதினான்கு. ஜனவரி. 2025.
ஸ்தென்காவின் கைக்கடிகாரத்தைக் கேட்டு மணியையும் வைத்தேன்.

அடுத்த பக்கம், துவங்கும் வரிசை.
முதலில் நெட்வொர்க், பிறகுதான் வட்டு.
தொழிற்சாலையில் வைத்தபடி.
பேட்டரி போனதும் பழைய புத்தி திரும்பியிருக்கிறது.
இந்தத் தீவில் இல்லாத ஒரு சர்வரை
தினமும் காலையில் கூப்பிட்டுப் பார்க்கிறது,
ஒன்றரை நிமிடம்,
புள்ளி புள்ளியாக.
பதில் வராததும் கோபப்படாமல்
வட்டுக்குப் போகிறது.

வட்டை மேலே ஏற்றினேன்.
"அந்தப் புள்ளிகளும் போய்விடுமா?"
ஸ்தென்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.
"போய்விடும். வேகமாகத் துவங்கும்."
அவள் எலியாசரைப் பார்த்தாள்.
எலியாசர் ஃபிளாஸ்க்கைப் பார்த்தான்.
"அந்த நேரத்தில்தான்," என்றான்,
"ஒரு சுற்று மாத்தே குடிப்போம்.
அதுவரை எடைபோடச் சொல்லி யாரும் கத்த முடியாது.
கணினி எழுந்திருக்கவில்லை, பாருங்கள்."

பதினைந்து வருடமாகத்
தவறான வரிசைகளைத் திருத்திச் சம்பாதிக்கிறேன்.
விரல் விசைமேல் நின்றது.
வெளியே காற்று தகரத்தை உலுக்கியது.

நெட்வொர்க்கை மறுபடி மேலே ஏற்றினேன்.
சேமித்து வெளியேறவா? ஒய்.

பீப்.
புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன.
மாத்தே முதலில் எனக்கு வந்தது, நாக்கைச் சுட்டது.
யாரும் பேசவில்லை.
பிறகு விண்டோஸ், பிறகு தராசு,
பிறகு இன்றைய தேதியில் ஒரு ரசீது.

பழைய ரசீதுகள் அறுபத்து மூன்று.
அவற்றைப் பேனாவால்தான் திருத்த வேண்டும்.
நீலத்திரையில் அதற்குப் பக்கம் கிடையாது.
கடைசிப் படகு ஏழு மணிக்கு.
ஸ்தென்கா இரண்டு பேனா கொண்டுவந்தாள்,
ஒன்றை என் பக்கம் உருட்டினாள்.