ஆணி

பனை என்று பெயர்தான்.
பனைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.
அமாமித் தீவில் நாங்கள் சோதெத்சு என்போம்:
இரும்பால் பிழைப்பது.
வாடினால் துருப்பிடித்த ஆணி ஒன்றை
உடம்பில் அடித்து வைப்பார்கள்.
அதனால் பிழைத்த மரத்தை நான் பார்த்ததில்லை.
ஆணி இல்லாத மரத்தையும் பார்த்ததில்லை.

என் கரும்புக்கும் இகாரியாமாவின் கரும்புக்கும் நடுவே
இருபத்து மூன்று நின்றன.
வேலியும் அவைதான், பத்திரமும் அவைதான்.
வருடத்துக்கு ஒரு விரற்கடை வளரும் பத்திரம்.
பதினாறாவது சாய்ந்திருப்பது
என் பக்கமா, அவர் பக்கமா
என்ற கேள்வியில்
பதினோரு வருடம் பேச்சில்லை.
அறுவடை லாரிக்குக்கூட
வேறு வேறு நாள் சொல்லிவைத்தோம்.

பிறகு செதில்பூச்சி வந்தது.
ஓலைக்கு அடியில்
சுண்ணாம்பை ஊதிவிட்டது போல வெள்ளை.
அதன் பின்னாலேயே
சாலை அகலப்படுத்தும் அலுவலகம் வந்தது,
கையில் படிவம்.
அதில் ஒரு கட்டம்: உரிமையாளர் யார்?
பூச்சி விழுந்த மரத்தை வெட்டிப் புதைக்கும் செலவு
உரிமையாளரைச் சேர்ந்தது.
"அவருடையது" என்று எழுதிக் கொடுத்தேன்.
"அந்தம்மாளுடையது" என்று
அவர் முன்பே எழுதியிருந்தார்.
நாங்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தது
அதுதான் முதல் தடவை.

இருபத்து மூன்றிலும் சிவப்புச் சாயம் பூசிப் போனார்கள்.

அன்று இரவு கடப்பாரையோடு போனேன்.
பதினாறாவதன் அடியில்
ஏற்கெனவே விளக்கு.
ஓலை முழுக்கக் கழித்து,
பூச்சி பறக்காமல் தார்ப்பாயில் சுருட்டிக் கட்டி,
மண்டியிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார் இகாரியாமா.
நிமிர்ந்து பார்த்தார்.
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

மேல்மண்ணில் பவளம் போல
முடிச்சு முடிச்சாக வேர்.
அதற்கும் கீழே தாம்புக்கயிறு.
வந்ததை இழுத்தோம், வராததை ரம்பத்தால் அறுத்தோம்.
தூக்கும்போது "ம்" என்றார்.
நானும் "ம்" என்றேன்.
அடியில் ஒட்டியிருந்த நான்கு குட்டிகள்
தாமாகக் கழன்று விழுந்தன.
மரத்தை அவர் வண்டியில் ஏற்றினார்,
குட்டிகளை நான் மடியில் கட்டினேன்.
பங்கு பிரித்தது நாங்களல்ல, எடை.

வெட்டுவாய் ஆறட்டும் என்று
பத்து நாள் நிழலில் கிடத்தினேன்.
பிறகு மணலில், பாதி உடம்பு வெளியே தெரிய.
தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கை துறுதுறுக்கும்.
கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான்
இதற்குச் செய்யும் பணிவிடை.

மதிலுக்கு அப்பால்
அவர் மரம் மொட்டையாக, ஓராள் உயரத்தில்.
வெயில் உச்சியைச் சுடாமலிருக்க
வைக்கோல் தொப்பி ஒன்றை மாட்டியிருந்தார்.
இருட்டில் யாரோ நிற்கிறார்கள் என்று
இரண்டு முறை பதறியிருக்கிறேன்.

அவர் சந்தைக்குப் போகிற நாளில்
உள்ளே நுழைந்து கட்டைவிரலால் அழுத்துவேன்.
மெத்தென்று அமுங்கினால் செத்தது.
ஜூனில்: கல்.
ஜூலையில்: கல்.
புயல் போன மறுநாள்: கல்தான்,
ஆனால் யோசிக்கிற கல்.
ஆணிகளை எண்ணினேன். நான்கு.
ஒன்று வளைந்திருந்தது.

என் குட்டிகளில் மூன்று அழுகின.
புளித்த வாடை.
பஞ்சத்தில் விஷம் போக ஊறவைத்து,
மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினார்களாமே,
அந்தப் பானைகளைத் திறந்தபோதும்
இப்படித்தான் மூக்கைப் பொத்தியிருப்பார்களோ.
குடித்திருப்பார்களோ.

நான்காவது, அக்டோபரில், வேளை கெட்ட வேளையில்,
ஒரே ஒரு ஓலை விட்டது.
சிற்றிலைகள் ஒவ்வொன்றும் உள்ளே சுருண்டு,
மேலெல்லாம் பூனைமயிர்.

எப்படித் தெரிந்ததோ,
வாசல் வழியாக வரவில்லை அவர்.
எல்லை இருந்த இடத்தில் இப்போது தார்ச்சாலை,
அதைக் குறுக்கே கடந்து வந்தார்.
குனிந்து பார்த்தார். நெடுநேரம்.
சட்டைப்பையிலிருந்து ஆணி எடுத்துத்
தொட்டியின் விளிம்பில் வைத்தார்.

"இதற்கு அடிக்கிற அளவு உடம்பே இல்லையே" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

அவர் மரம் இன்னும் மொட்டை.
தொப்பி மட்டும் புதிது.