பதினேழாம் எண் தொட்டி

நவம்பரில் ஊமெயோ நகரம்
மதியம் இரண்டரைக்கே இருட்டிவிடும்.
எங்கள் வளர்ப்பறையில் மட்டும்
பதினாறு மணி நேரப் பகல்.

இடது தட்டில் அராபிடாப்சிஸ்.
கடுகுக்குப் பங்காளி, கறிக்கு உதவாது.
விதை தூசியைவிடக் கொஞ்சம் பெரிது:
தும்மினால் ஒரு சோதனை போச்சு.
ஆறே வாரம்.
முளைத்து, வெள்ளையாய்ப் பூத்து,
தன் மகரந்தத்தைத் தானே வாங்கி,
காய்த்து, வெடித்து, முடிந்தது கதை.

வலது தட்டில் ஸ்புரூஸ்.
இதற்குப் பூவும் இல்லை, காயும் இல்லை.
செதிலிடுக்கில் திறந்தபடி
விதை உட்கார்ந்திருக்கும்.
அதையும் இங்கே பார்க்க முடியாது.
முதல் கூம்புக்கு இருபத்தைந்து ஆண்டு;
எங்கள் நிதிக்கு மூன்று.

மரபணுத் தொகுதியை எழுத்தெண்ணிப் படித்தார்கள்.
களையினுடையது மெல்லிய கையேடு.
மரத்தினுடையது நூற்றைம்பது மடங்கு,
பெரும்பாலும் சொன்னதையே சொல்வது,
என் மாமனார் டோர்வால்ட்
தொலைபேசியில் பேசுவதுபோல்.
வேலை செய்யும் மரபணுக்கள் மட்டும்
இரண்டிலும் ஏறக்குறைய ஒரே கணக்கு.
"ஒரே சமையல் குறிப்பு,
ஒருத்திக்கு அவசரம்" என்று
இங்கெமோ சிரிப்பாள்.
நான் சிரித்ததில்லை. என் ஒப்பந்தமும்
மூன்று ஆண்டுதான்.

மார்ச்சில் நிதி நின்றது.
மரபணு மாற்றிய களைகள் எல்லாம்
நீராவிக் கலத்தில், நூற்றிருபத்தொரு டிகிரி,
இருபது நிமிடம்.
இருபத்தோரு தலைமுறை, ஒரு பை.
ஸ்புரூஸில் யாரும் கைவைக்கவில்லை,
அவை வெறும் ஒப்பீட்டுக்கு.
வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்கள்.
பதினேழாம் எண்ணை
பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
என் முழங்காலுக்குக்கூட வராது.

இப்போது ஜூன். பால்கனி.
இருட்டாத இரவு பதினொரு மணி.
மரம் நுனியில் வெளிர்பச்சையாய்
ஒரு விரல் நீட்டியிருக்கிறது,
இந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.
அதன் காலடியில்
நூல்போல் ஒரு தண்டு,
உச்சியில் நான்கு இதழ்.

சாலையோரத்திலும் இது தானாக வளரும்.
காற்று கொண்டுவந்ததா,
அந்த அறையில் யாரோ தும்மியதா,
பார்த்துச் சொல்ல முடியாது.
சொல்லக்கூடிய கருவி இருக்கும் கதவு
இனி என் அட்டைக்குத் திறக்காது.

விதிமுறை எனக்குத் தெரியும்.
கிள்ள இரண்டு விரல் போதும்.
முதல் காய் பிளக்க
எத்தனை நாள் என்பதும் மனப்பாடம்: பன்னிரண்டு.

மரத்துக்கு மட்டும் ஊற்றலாம் என்று
குவளையைச் சாய்த்தேன்.
தொட்டி ஒன்றுதான்.