மூங்கில் முளைக்காத ஊர்

ஹம்மர்ஃபெஸ்டில் மூங்கில் இல்லை.
இங்கே மரமென்று நிற்பதே அபூர்வம்.
ஆனாலும் என் தம்பி எய்லிஃபின் எக்ஸ்ரேயைக் காட்டி
மூங்கில் முதுகு ஆகிக்கொண்டிருக்கிறது என்றார் மருத்துவர்.
கீழிருந்து ஒவ்வொரு கணுவாக
ஒட்டிக்கொண்டு வருகிறதாம்.

மீன் ஆலையில் அவனுக்குப் பெட்டி தூக்க ஆள் போட்டார்கள்.
நோய்க்குப் பெயர் வந்தால் கூடவே ஒரு நாற்காலியும் வரும்.

என் படம் சுத்தமாக இருந்தது.
அவர் சொன்ன சொல் அதுதான், சுத்தம்.
கழுவி வைத்த தட்டைச் சொல்வதுபோல.

நான் பஸ் ஓட்டுகிறேன்.
கடைசி நிறுத்தத்தில் இறங்கி
டயரைப் பார்ப்பதுபோல் வண்டியை இரண்டு சுற்று சுற்றுவேன்.
அப்போதுதான் இடுப்பு எனக்குத் திரும்பக் கிடைக்கும்.
இரவு மூன்று மணிக்குச் சமையலறையில்
குளிர்பெட்டியிலிருந்து ஜன்னலுக்கு ஏழு அடி,
ஜன்னலிலிருந்து குளிர்பெட்டிக்கு ஏழு.

கழுத்து, குதிகால், விலா என்று
வலி இடம் மாறியதை எழுதிக்கொண்டு போனேன்.
பட்டியல் நீள நீள
என்னை நம்புவது குறைந்தது.
பிரசவத்துக்குப் பின் இப்படித்தான் என்றார் ஒருவர்.
இன்னொருவர் என் விவாகரத்தைப் பற்றிக் கேட்டார்,
மிக அன்பாக.

"வாசலில் பனி அள்ளுகிறாயா, சோல்ஃப்ரிட்?"
"அள்ளுகிறேன். அள்ளினால்தான் வலி குறையும்."
"அப்படியானால் ஒன்றுமில்லை."
எய்லிஃபும் இதே பதிலைத்தான் சொல்லியிருந்தான்.
அவன் சொன்னபோது
அது நோயின் அடையாளம்.

பதினோரு வருடம்.
கடைசியில் அவனே தன் மருத்துவரிடம் சொன்னான்
(தலையை மட்டும் திருப்ப முடியாது அவனுக்கு,
முழு உடம்பும் கதவுபோல் திரும்பும்):
என் அக்காவையும் உள்ளே தள்ளிப் பாருங்கள்,
அந்தக் குழாய் இயந்திரத்தில்.

துரோம்சோவில் பார்த்தார்கள்.
இடுப்பெலும்பு சேரும் இடத்தில் வெள்ளைத் திட்டுகள்,
சூரியன் வராத மாதத்தில்
தூரப் படகுகளின் விளக்குகள் மாதிரி.
எலும்பு ஒட்டவில்லை, எரிகிறது என்றாள் அந்த இளம் மருத்துவர்.
எனக்கு முதலில் வந்தது சிரிப்பு.
பிறகு வாகன நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்,
உட்காரக் கூடாது என்று தெரிந்தும்.

நேற்று அவனுடைய பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தது.
அவனால் குனிய முடியாது. என்னால் முடியும்.
அதனால்தானே யாரும் நம்பவில்லை.
நான் குனிந்து முடிச்சுப் போடும்போது
மேலிருந்து கேட்டான்,
"வலிக்குதா?"

இரண்டாவது காலையும் நீட்டச் சொன்னேன்.