பனிச்சரிவு, பாகான் ஆஜாம்

நீளம் முப்பத்தெட்டு மீட்டர்.
விளம்பரத் தட்டியில் ஐம்பது என்றிருக்கும்,
கீழே முட்டி நிற்கிற மெத்தைகளையும் சேர்த்து.
உள்ளே சுழியத்துக்குக் கீழே நாலு.
வெளியே முப்பத்தைந்து.
கதவைத் திறந்து வெளியேறுகையில்
கண்ணாடி போட்டவர்கள் எல்லாரும்
கொஞ்ச நேரம் குருடாகிறார்கள்.

மேலே போக ஒரு ரப்பர் பட்டை ஓடும்.
விமான நிலையத்தில் பெட்டி சுமந்த பட்டை;
தவுக்கே தியோ ஏலத்தில் எடுத்தார்.
ஆட்களைச் சுமக்கும்போதும்
யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதுபோல
மெதுவாகத்தான் போகும்.

மேல்சட்டை வாடகை எட்டு ரிங்கிட்.
காலுறை இரவல் கிடையாது, வாங்கியாக வேண்டும்.
அந்தக் கவுண்டரில் நான்.
பெயரட்டையில் இடம் போதாமல் 'மங்களேஸ்'.
மீதி வரியை வீட்டில் கட்டுகிறேன்.

நாற்பத்திரண்டு மேல்சட்டைகள்,
கொரியாவில் யார் யாரோ கழற்றிப் போட்டவை.
ஒன்றின் பைக்குள் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது,
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்.
எறியவில்லை.
மேலே போய் நின்று பயப்படப்போகிற முகங்களுக்கே
அந்தச் சட்டையைத் தருவேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

வரலாறு கேட்பவர்கள் குறைவு.
கேட்டால்: முன்பு இது ஐஸ் ஆலை.
கட்டி ஒன்று நூற்றைம்பது கிலோ.
விடியற்காலை நாலு மணிக்குப் படகுகளுக்காக
அரைக்கும் சத்தத்தில்
இந்தத் தாமானுக்குச் சேவல் தேவைப்படவில்லை.
பெரிய படகுகள் தமக்கே உறைபெட்டி வைத்துக்கொண்டன.
சின்னப் படகுகள் சின்னதாகிக்கொண்டே போயின.
தியோ ஒருமுறை ஹொக்கைடோ போய்
விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.
கட்டுப்போட்ட கையோடு வந்து இறங்கிச் சொன்னார்:
மெஷின் அதேதான், குளிரும் அதேதான்,
கட்டியாய் விற்றதைத் தூளாய் விற்போம்.

கழிப்பறை இரண்டு. சூராவ் ஒன்று. மைலோ சூடாக.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பத்து நாற்காலி,
பிள்ளைகள் விழுவதைப் பெற்றோர் படம் எடுக்க.
முதலுதவிப் பெட்டியில் எப்போதும் மிஞ்சுவது கோடாலித் தைலம்.
சறுக்கப் பழக்குகிறவன் ஹஃபிசுதீன்,
யூடியூப்பில் பழகியவன்.
ஜூருவிலிருந்து வந்த பையன் ஒருவன்
பனியை நக்கிப் பார்த்து
உப்பில்லை என்றான்.

போன தீபாவளிக்கு மூன்று நாள் முன்
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. பாகான் முழுக்க இருட்டு.
சரிவு வியர்க்கத் தொடங்கியது.
ஜெனரேட்டர், வசதிப் பட்டியலில் இருக்கிறது.
டீசல் இல்லை.

பின்கதவைத் தட்டினார்கள்.
மூன்று லோரி. கூடை கூடையாய்க் கெம்போங் மீன்.
ரப்பர் பூட்ஸோடு சாலிஹின் என்றொருவர்.
ஐஸ் இருக்கா, என்றார்,
நடுவில் பத்து வருஷம் போனதே தெரியாத குரலில்.

தவுக்கே போனை எடுக்கவில்லை.
காலுறைக்கு விலை உண்டு, மைலோவுக்கு உண்டு,
பனிக்கு மட்டும் யாரும் விலை எழுதிவைக்கவில்லை.
எடுத்துக்கொள்ளுங்கள் என்றேனா,
வழிவிட்டு நின்றேனா, நினைவில்லை.
பனியனோடு நின்றவர்களைப் பார்த்து
பழக்கதோஷத்தில், என்ன சைஸ், என்று கேட்டது நினைவிருக்கிறது.

கைவிளக்கு வெளிச்சத்தில் மண்வெட்டிகள்.
ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஹொக்கைடோ.
ஐம்பது வயதிருக்கும் ஒரு மனிதர்
காலிக் கூடையில் உட்கார்ந்து உச்சியிலிருந்து வந்தார்,
ஹஃபிசுதீனின் எந்த மாணவனைவிடவும் நேராக.
இன்னொரு முறை ஏறினார்.
யாரும் கத்தவில்லை. மீன் காத்திருந்தது.

விடிந்தபோது சரிவில் பலகை தெரிந்தது,
ஆணித் தலைகள் தெரிந்தன.
தியோ வந்தார். கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு
கூடைக்கு எவ்வளவு, என்றார்.
இரண்டு கிலோ கெம்போங் கொடுத்தார்கள்,
ஒரு கிலோ உங்களுக்கு, என்றேன்.
சற்று நேரம் பலகையைப் பார்த்துவிட்டு
குடல் எடுத்ததா, என்று கேட்டார்.

பதினோரு நாளில் மறுபடி திறந்தோம்.
மீன் வாடை வருதே என்பவர்களிடம்
கடல் பக்கம்தானே என்கிறேன்.

மேல்சட்டைகள் நாற்பத்தொன்று.
அந்தப் பஸ் டிக்கெட் சட்டை திரும்பவில்லை.
இருப்புப் புத்தகத்தில்
நாற்பத்திரண்டு என்றே எழுதி வருகிறேன்.