அரைத் திருப்பு

இரும்பு எனக்குத் தெரியும்.
ராணிப்பேட்டையில் பதினேழு வருஷம் வெல்டிங்.
சூட்டில் எவ்வளவு நீளும், ஆறினால் எந்தப் பக்கம் இழுக்கும்,
தொடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்.
மரத்திடம் அந்த வாய் செல்லவில்லை.

சைதாப்பேட்டையில் இடித்த வீட்டு வேங்கை நிலைச்சட்டத்தை
எடைக்குப் பேசி, மினி லாரியில் ஏற்றி,
சத்துவாச்சாரிக் கொல்லையில் நாலு ஞாயிறு அறுத்தேன்.
கயிறு கட்ட ஒரு வேம்பு நின்றிருந்தால்
இந்தக் கூத்தே இல்லை.
இருந்தது செப்டிக் டேங்க் மூடியும் துணிக்கொடியும்தான்.
தரையோடு நீளமாய் ஒரு கட்டை,
இரு முனையிலும் வெளியே சாய்ந்த இரண்டு கை,
நடுவில் வலையூஞ்சல்.
நைட் டியூட்டி முடிந்து எப்சிபா வந்து விழுவாள்.
வீட்டு நிழல் பத்தரைவரை தாங்கும்.

மூன்றாம் வாரம் சத்தம் வந்தது.
க்றீச்.
"வார்டுல நாப்பத்திரெண்டு கட்டிலும் இதையேதான் பாடுது,
இங்கேயுமா?" என்றாள், கண் திறக்காமல்.

சத்தம் என்றால் தளர்வு, தளர்வு என்றால் ஸ்பேனர்.
எங்கள் ஷாப்பில் இதற்கு மேல் தத்துவம் கிடையாது.
எட்டு போல்ட்டையும் முறுக்கினேன்.
ஐப்பசி மழையில் மரம் ஊதியது, முறுக்கினேன்.
கார்த்திகையில் ஒரு நாள் சத்தம் நின்றது.
பெருமையாக இருந்தது.

சித்திரை கடைசி, நாற்பத்திரண்டு டிகிரி.
மலைப்பாறை ராத்திரியிலும் அனல் கக்கியது.
மதியம் மூன்று மணிக்குச் சுள்ளென்று ஒரு வெடி.
பக்கத்து வீட்டு நாய் பட்டாசு என்று நினைத்துக்
கட்டிலடியில் நுழைந்ததாம்.
போய்ப் பார்த்தால்,
போல்ட் துளையிலிருந்து நாரோடு நாராய் ஒரு சாண் பிளவு.
விரல் வைத்தேன், உள்ளே மரம் சிவப்பாக,
புதிதாக இருந்தது.

லாங் பஜார் நவாஸ்கான் கடையில்
இன்னும் கனமான போல்ட் கேட்கவே கிளம்பினேன்.
செருப்பை மாட்டும்போது அவள் பிளவைப் பார்த்தாள்,
பிறகு வாஷர் மரத்துக்குள் புதைந்த தடத்தை.
"மாவுக்கட்டு போட்டா ஒரு விரல் நுழையணும்.
வீக்கத்துக்கு இடம் வேணும்ல?
இல்லாட்டி அந்தப் பக்கம் விரல் நீலமாயிடும்."
சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான் ஒரு செருப்போடு நின்றேன்.

அப்புறம் செய்தவை:
பிளவில் பசை விட்டு, சணல் சுற்றி இரண்டு நாள்.
துளையை அரத்தால் நீள்வட்டமாக்கினேன்.
பட்டையிரும்பில் ஒரு வளையம் வைத்தேன்,
அதுதானே எனக்கு வரும்,
இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்.
பெரிய வாஷர். முறுக்கி நிறுத்தி,
அரைத் திருப்பு பின்னால்.
கை நடுங்கியது. பதினேழு வருஷத்தில்
தெரிந்தே எதையும் தளர்த்திவிட்டு வந்ததில்லை.

மண்ணில் பட்ட அடியில் கரையான் ஏறியிருந்தது,
புட்டு மாதிரி உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டுக்
கருங்கல் துண்டில் நிறுத்தினேன்.
தார்ப்பாய் போர்த்தியது தப்பு,
உள்ளே வியர்த்துப் பூஞ்சை பூத்தது. எடுத்துவிட்டேன்.
மழைக்கு முன்னும் பின்னும் ஆளிவிதை எண்ணெய்.
நைலான் கயிறு வெயிலில் மாவாகிறது,
நகத்தால் கீறி வெள்ளையாய் வந்தால்
யார் சொன்னாலும் அதில் படுக்கக் கூடாது.
நான் படுத்தேன் ஒரு தரம்.
முதுகெலும்புக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது மறுபடியும் ஐப்பசி.
நேற்று ராத்திரி பாலாற்றுப் பக்கமிருந்து மழை.
காலையில் கைக்கட்டை கறுத்து, எடை கூடி நிற்கிறது.
அவள் படுத்ததும்
க்றீச், சின்னதாக, மூக்கடைத்த மாதிரி.
பழக்கதோஷம், ஸ்பேனரோடு போய்விட்டேன்.
ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.
"தொடாத.
அது ஊதிட்டிருக்கு."